இறக்கி வைக்கும் நேரம்

1

இந்தக் கதையை நான் எழுத நினைக்கவே இல்லை. ஒரு பதிப்பாளர் தொகுப்பு நூலுக்குக் கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘மாந்திரீகம்: ஓர் அறிமுகம். ரசவாதத்தில் அதன் வேர்கள்.’ இந்த வயதில் மறுத்துப் பேசுவதைவிட எழுதிக் கொடுப்பது எளிது என்று ஒப்புக்கொண்டேன். தப்புக் கணக்கு.

தொடக்கங்கள் இப்படிப் போயின:

[மட்டமான உலோகத்தைப் பொன்னாக்கும் ஆசை மனித குலத்தின் மிகப் பழைய —]

[அரபியர் கீமியா என்றதை நம் சித்தர்கள் வாதம் என்றார்கள். குலசேகரன்பட்டினத்தில் கரைதொட்ட மரக்கலங்களில் சரக்கோடு சேர்ந்து அந்தப் பேச்சும் இறங்கியிருக்க —]

இரண்டாவது பரவாயில்லை. அதை முடிப்பதற்குள் ஒரு மனிதர் குறுக்கே வந்து நின்றுகொண்டார். பெயர் ஞானையா. போகச் சொன்னேன், போகவில்லை.

2

ஞானையா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் ரசாயனம் கற்பிக்கிறவர். வருடம் 1910, வால்நட்சத்திரம் வந்துபோன வருடம். மனைவி பெயர் சாலோமி. பிள்ளைகள் இல்லை. [முந்தைய பிரதியில் இருந்தார்கள். கதை அவர்கள் பின்னாலேயே ஓடியது, எடுத்துவிட்டேன்.]

இவர் எதற்காகத் தங்கம் செய்யக் கிளம்பினார்? தங்கைக்குக் கல்யாணம் என்று முதலில் எழுதினேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது. பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ‘தங்கம் ஒரு மூலகம், அதை வேறொன்றிலிருந்து உண்டாக்க முடியாது’ என்று அவர் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறார். செய்து பார்க்காத ஒன்றை இத்தனை உறுதியாகச் சொல்கிறோமே என்று ஒரு வருடம் அந்த வாக்கியம் அவருக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான். இதைவிடச் சின்னக் காரணங்களுக்காகவெல்லாம் மனிதர்கள் பாழாய்ப் போயிருக்கிறார்கள்.

3

மேலப்பாளையத்தில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த பீர் மைதீனிடம் போய் முறை கேட்டார்.

“எங்க வாப்பா செஞ்சு பாத்தாங்க, வாத்தியாரே. தங்கம் வந்துச்சா வரலையான்னு எங்க உம்மாட்டகூடச் சொல்லல” என்றார் பீர் மைதீன். “பாதரசம், கெந்தகம், அதுக்குள்ள வித்தா கொஞ்சம் தங்கம். வெதைக்காம வெளையாதுல்லா. சட்டியை மூடி, சீலையில மண்ணு அப்பிப் பூசி, அடுப்புல ஏத்தணும். ஏத்துனதும் வாப்பா ஆயிரம் தடவை இஸ்மு ஓதுவாங்க. ஓதி முடிச்சாத்தான் எறக்கணும்.”

“இஸ்முன்னா?”

“அல்லாஹ்வோட திருநாமம். சித்தர் வழிக்காரங்க அந்த எடத்துல மந்திரம் சொல்லுவாங்க. நீங்க உங்க வேதத்துல உள்ளதைச் சொல்லிக்கிடுங்க. எதைச் சொன்னாலும் ஆயிரம் விடாமச் சொல்லணும்.”

ஞானையாவுக்கு இங்கேதான் இடித்தது. மந்திரம் பாவம். இஸ்மு வேற்று மார்க்கம். வேதப் புத்தகத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லலாம், அதில் குற்றமில்லை. ஆனால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது புறஜாதியார் பழக்கம் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவர் அவர். மாந்திரீகம் செய்தார் என்று தெரிந்தால் சபையை விட்டு விலக்கிவிடுவார்கள், வேலையும் போய்விடும். ஆகவே மனசாட்சிக்குப் பொருந்த ஒரு திருத்தம் செய்துகொண்டார். ஒரே ஒரு சங்கீதம். ஒரே ஒரு தடவை. நிறுத்தி, உருக்கமாக.*

* பதிப்பாளருக்கு நான் எழுதவிருந்த கட்டுரை முழுவதும் இந்த அடிக்குறிப்புதான். மந்திரம் என்பது ரசவாதியின் கடிகாரமாக இருந்திருக்கலாம். இத்தனை உரு சொல்லி முடித்தால் இத்தனை நேரம் தீ எரிந்திருக்கிறது என்று பொருள். நிஜக் கடிகாரம் வந்த பிறகு அடுப்பு மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போய் ரசாயனம் என்று பெயர் வாங்கியது. வேலை போன சொற்கள் தெருவில் நின்றன, அவற்றை மாந்திரீகம் என்கிறோம். இது என் ஊகம்தான். ஆதாரம் கேட்காதீர்கள், தேடும் தெம்பு இல்லை.

4

சனிக்கிழமை, நல்ல பகல். கொல்லைக் கொட்டகையில் ஞானையாவின் அடுப்பு எரிகிறது, வீட்டுக்குள் சாலோமியின் அடுப்பு. வித்துக்காகத் தன் ஒற்றைக் காப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள்.

சாலோமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் விடுதிப் பள்ளியில் வளர்ந்தவள். அந்தச் சமையல்கட்டில் பெண்கள் கீர்த்தனை பாடித்தான் சோறு வடிப்பார்கள். முட்டைக்குப் பல்லவியும் இரண்டு சரணமும். அரிசிக்குப் பாட்டு முழுவதும், அவசரப்படாமல். இதுவரை அவள் ஒரு பானையையும் முன்கூட்டி இறக்கியதில்லை.

அன்று அவள் இரண்டாம் சரணத்தில் இருக்கும்போதே கொட்டகையிலிருந்து ‘ஆமென்’ கேட்டது.

சட்டியை உடைத்தால் கறுப்பாக ஒரு கட்டி. காப்பு அதற்குள் எங்கோ இருக்கிறது. தட்டானிடம் கொடுத்தால் பிரித்துத் தந்துவிடுவான். ஆனால் மறுநாள் ஞாயிறு, கோயில் வாசலில் சபை முழுவதற்கும் தெரிந்துவிடும். கட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்கள்.

“கர்த்தருக்குப் பிடிக்கல போல” என்றார் ஞானையா.

சாலோமி உடைந்த சட்டித் துண்டுகளைப் பொறுக்கினாள். கர்த்தர் இதில் வரவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இவர் வேகும் முன்னே இறக்கிவிட்டார், அதுதான் விஷயம்.

5

இப்போது சிக்கல் முழுவதும் அவள் கழுத்தில் தொங்குகிறது. வீட்டில் மிஞ்சியிருக்கும் தங்கம் அவளுடைய தாலி மட்டும்தான், சிலுவை பொறித்தது. காரணத்தைச் சொன்னால் அவர் மறுபடி தொடங்குவார், வித்துக் கேட்பார். வெறுங்கழுத்தோடு அவள் நற்கருணைக்குப் போய் முழங்கால் படியிட வேண்டும். சொல்லாவிட்டால் நகைக்கு ஆசைப்பட்டுப் புருஷனைத் தோற்க விட்டவள் ஆகிறாள். அப்படித்தான் அவள் நினைக்கிறாள்.

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கரும்பலகையில் எழுத்து கோணுகிறது. பல் விளக்கினால் ரத்தம். சாலோமி அதைத் துக்கம் என்று எண்ணுகிறாள். எனக்குத் தெரியும், அது பாதரசப் புகை. ஆயிரம் தடவை என்ன, யுகமெல்லாம் ஓதினாலும் அந்தச் சட்டியில் தங்கம் விளையாது, புகைதான் வரும். இன்னொரு தடவை அந்தப் புகையைக் குடித்தால் மனிதர் தேறமாட்டார்.

6

முடிவு ஒன்று. சொல்லிவிடுகிறாள். தாலியைக் கழற்றி அவர் நடுங்கும் கையில் வைக்கிறாள். ஞானையா —

[மேலே எழுத முடியவில்லை.]

முடிவு இரண்டு. சொல்லவில்லை. அவர் பிழைத்துக்கொள்கிறார், கை மெல்ல நிலைக்கு வருகிறது. அவளோ சாகும்வரை, என்னால்தான், என்னால்தான் என்று உள்ளுக்குள் அரற்றுகிறாள். பிழைக்க வைத்தவள் அவள்தான் என்று யாரும் அவளிடம் சொல்லப்போவதில்லை. இதையும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

முடிவு மூன்று. நானே உள்ளே போனேன். அம்மா, எப்படிக் காய்ச்சினாலும் தங்கம் வராது, உன் மேல் குற்றம் இல்லை என்றேன்.

சாலோமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க யாரு? எந்தச் சபை?” என்றாள்.

வந்த வழியே திரும்பிவிட்டேன்.

7

எனக்கு அலுத்துவிட்டது. கட்டுரையும் வரவில்லை, கதையும் நிற்கவில்லை. இருக்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போகிறேன், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற இடம் இதுதான்:

அடுப்பில் அரிசி கொதிக்கிறது. சாலோமி பாடிக்கொண்டிருக்கிறாள். ஞானையா பக்கத்தில் வந்து உட்காருகிறார். கை நடுக்கம் தெரியாமல் இருக்க வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“ஏளா, எங்கன தப்பாப் போச்சுன்னு உனக்கு ஏதாச்சும் தோணுதா?”

பொறுங்கள், பாட்டு முடியட்டும் என்று கையால் காட்டுகிறாள். அவளுக்குப் பொய் வராது. பாட்டு முடிந்தால் சொல்லிவிடுவாள்.

கடைசிச் சரணத்தில் இருக்கிறாள். அதை மறுபடி பாட வையுங்கள். இன்னொரு தடவை. சோறு குழைந்தால் குழையட்டும்.