முள்ளின் பதம்

மூன்றாவது தூண்டில் முள்ளும் சங்கரியின் நகத்துக்கே வளைந்து கொடுத்தது. வளைந்தது திரும்பவில்லை. நல்ல முள்ளென்றால் விரலை எதிர்த்து நிற்கும், மீறி அழுத்தினால் பட்டென்று ஒடியும். இதுவோ கட்டுக்கம்பிபோல வளைத்த இடத்திலேயே கிடந்தது.

குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளியே தேயிலைத் தோட்ட லயத்து முற்றத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடிமாலியில் போஸ்ட்மார்ட்டம் முடிந்துவிட்டதாகவும் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாகவும் யாரோ போனில் கேட்டுச் சொன்னார்கள்.

"பந்தக்கால நேரா நடுங்கலே. சுடலை பாத்தா எந்திரிச்சு வந்து பிடுங்கி நடுவான்."

ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

அப்பா சுடலைமணி, ரிசார்ட்டுக்கு வருகிறவர்களை டிரவுட் மீன் பிடிக்க ஓடைக்கும் அணைக்கும் கூட்டிப் போகிறவர். அவர்கள் தூண்டிலுக்கு மண்புழு கிடையாது, ஃப்ளைதான். சின்ன முள்ளில் கோழி இறகையும் முயல் முடியையும் நூலால் சுற்றிப் பூச்சிபோல ஆக்குவார். கட்டி முடித்த பிறகு தலைப் பக்கம் நாலைந்து முடி துருத்திக்கொண்டு நிற்கும். அது முள்ளின் காதை அடைத்துக்கொண்டால் தூண்டில் நரம்பு நுழையாது. அதைத் தீய்த்துச் சுத்தம் செய்வது சங்கரியின் வேலை. மெழுகுவர்த்தியில் ஊசியைச் சூடாக்கி, ஊசி முனையால் அந்த முடியை மட்டும் தொடவேண்டும். தொட்டதும் சுருண்டு உதிரும். ஒவ்வொரு ஃப்ளைக்கும் ஊசியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கவேண்டும்.

"முள்ள மட்டும் தீயில காட்டிராத, தாயி. சூடு ஏறுனா பதம் போயிரும்."

எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். முந்தாநாள் சாயந்திரம் தோழி ஜிஸ்மி வீட்டு வாசலில் வந்து நின்று, டான்ஸ் பிராக்டிசுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள். சங்கரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு லைட்டரை எடுத்தாள். ஒவ்வொரு ஃப்ளையாக இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினாள். முடி பொசுங்கிச் சுத்தமானது. முள் மட்டும் சிவந்து, ஆறியபோது நீலம் பாய்ந்திருந்தது. அந்த நீலத்தின் மேல் கறுப்பு நெயில் பாலிஷைத் தடவி மறைத்தாள்.

அப்பா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னைக்குத் தலையெல்லாம் எவ்வளவு சுத்தமா இருக்கு," என்று தொப்பியில் குத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அணைக்கரையில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. தூண்டில்காரர் இழுத்துப் பிடிக்க, அப்பா வலையோடு பாறையில் இறங்கி நின்றிருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில் முள் நிமிர்ந்து மீன் நழுவியது. அப்பா அதன் பின்னால் எட்டி விழுந்தார். முழங்கால்வரை போட்டிருந்த ரப்பர் கம்பூட்டுக்குள் தண்ணீர் ஏறி அவரை உள்ளே இழுத்துவிட்டது. கூட வேலை பார்க்கும் மத்தியாஸ் சித்தப்பா குதித்துத் தேடி மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. நரம்பு நுனியில் திரும்பி வந்த முள்ளை நேற்று அவரேதான் எல்லாரிடமும் காட்டினார். தையல் ஊசிபோல நேராக இருந்தது.

"கோயம்புத்தூர்ல நான் வாங்கியாந்த முள்ளுதான்," என்றார். "கடைக்காரன் நல்ல முள்ளுன்னுதான் சொன்னான். நான் இழுத்துப் பாத்து வாங்கியிருக்கணும்."

அந்தப் பேச்சை மாமா மாரீஸ்வரன் பிடித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சங்கரி பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது முற்றத்தில் மாமாவின் குரல் உயர்ந்தது.

"நீ தூக்க வேண்டாம். மட்ட முள்ள வாங்கியாந்து ஆள முடிச்சிட்டு, இப்பத் தோள் குடுக்க வந்துட்டியோ."

"மாரி, ஒரு நாலு எட்டாவது..."

"சொன்னாக் கேளு மத்தியாஸ். ரோட்டுல போய் நில்லு."

கதவு வழியாக சங்கரி பார்த்தாள். அந்த நெடிய மனிதர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு படி இறங்கி, ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றார். யாரும் அவரோடு போகவில்லை.

"அம்மா."

"ம்."

"முள்ளுல குத்தமில்ல."

அம்மா அப்பாவின் நெற்றியில் நாணயத்தைச் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் லைட்டர்ல காட்டுனேன். ஊசியில செய்யல."

கை நின்றது. அம்மா திரும்பவில்லை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இப்பத்தான் வளைச்சுப் பாத்தேன். மிச்சம் இருக்கதும் அப்படித்தான் வளையுது."

"அப்பாட்ட சொன்னியா?"

"இல்ல. பாலிஷ் அடிச்சு மறச்சிட்டேன்."

பக்கத்து வீட்டு அத்தை மாலையோடு வந்து, போட்டுவிட்டு, மார்பில் அடித்து அழுதுவிட்டுப் போனாள். அவள் வெளியே போனதும் அம்மா கேட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நான் போய் மாமாட்ட சொல்லிருதேன், அம்மா. சித்தப்பா பாவம்."

எழப்போனவளின் மணிக்கட்டை அம்மா பிடித்தாள். வலித்தது. கையை விடாமலே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே. மத்தியாஸக் கூப்பிடு. முன்னால அவன் தூக்கட்டும்."

மாமா உள்ளே வந்தார். "நெனச்சுத்தான் பேசுறியா ராமலட்சுமி? அவன் வாங்கியாந்த முள்ளுலதான..."

"முள்ளு நல்ல முள்ளுதான்."

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியும்."

"என்ன தெரியும்னு கேக்கேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் பார்வை அம்மாவின் முகத்திலிருந்து, அவள் பிடித்திருந்த சங்கரியின் மணிக்கட்டுக்கு இறங்கியது. அதற்கு மேல் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அம்மா கையை விட்டாள். சங்கரி அந்தக் கையைப் பற்றப் போனாள். அது அதற்குள் அப்பாவின் வேட்டி ஓரத்தை இழுத்துவிடப் போயிருந்தது. இழுத்துவிட ஒன்றுமில்லை. ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பெண்கள் லயத்தின் கடைசி வீட்டோடு நின்றுவிட்டார்கள். தேயிலைக்கு நடுவே மயானத்துக்கு இறங்கும் படிகளில் பாடை போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் மத்தியாஸ் சித்தப்பா. மற்ற மூவரைவிட அவர் ஒரு தலை உயரம். அவர் நிமிர்ந்து நடந்தால் அப்பா ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவார். அதனால் முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினார். கால் நடுங்கியது மேலேயிருந்தே தெரிந்தது. வளைவில் யாரோ தோள் மாற்றிக்கொள்ள வந்தார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மடங்கிக்கொண்டார்.