அம்மாவுக்குப் பிடிக்காத முகவரி

பிழைப்புத் தேடி மெக்ஸிகோ வழியாக வடக்கே போன அண்ணன் ஒஸ்மானிடமிருந்து போன் வருவது நின்றதும், அவனைத் தேட நான் ஒரு இணையதளம் போட்டேன். அதற்குப் பெயர் வைத்தது அம்மா. அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் எதையும் விடாமல் ஒஸ்மான் அடாலித் புஸ்தில்யோ ஸெலாயா என்று முழுசாக முகவரியில் இருக்க வேண்டுமாம்.

"என் புள்ள ஞானஸ்நானம் வாங்குன பேரு. அதுல ஒண்ணும் குறையக்கூடாது."

பதிவு செய்தேன். வந்ததெல்லாம் பொய்யர்களின் செய்திகள். 'உன் மகன் எங்ககிட்ட இருக்கான், பணம் அனுப்பு.' ஒவ்வொரு முறையும் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவன் முழங்கையில் என்ன தழும்பு என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் வராது. பாவிகள், நாசமாய்ப் போவார்கள்!

இந்த வருஷம் எங்கள் ப்ரோக்ரெசோ ஊர்த் தாய்மார்கள் காணாமல் போன பிள்ளைகளைத் தேடி, அவர்கள் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மெக்ஸிகோவுக்குப் பஸ்ஸில் கிளம்பினார்கள். அம்மாவும் கூடப் போனாள். கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் நோல்வியா அக்கா வந்தாள். அவள் மகனும் காணாமல் போனவன்தான். பயணத்துக்கான சட்டைகளின் முதுகில் பிள்ளையைத் தேடும் முகவரியை அச்சடிக்கக் கொடுப்பது அவள் பொறுப்பு.

"ஏண்டி டில்சியா, இது முகவரியா, ஞானஸ்நானச் சீட்டா? முதுகுல எடம் பத்தாது."

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? பேரு வச்ச மகராசி அடுப்படியில இருக்காங்க."

நோல்வியா அக்கா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். "ரெய்னா, கோவப்படாம கேளு. சரக்கு ரயில் மேல ஏறி வடக்க போற பசங்க நெசப் பேரச் சொல்றதில்ல. சொன்னா கடத்தல்காரன் வீட்டக் கண்டுபிடிச்சுக் காசு புடுங்கிடுவான். எல்லாம் பட்டப்பேருதான். உன் மகன்கூட நடந்தவனுக்கு அவன எந்தப் பேருல தெரியும்?"

அண்ணனின் பட்டப்பெயர் எங்கள் மூவருக்குமே தெரியும். சோபிலோத்தே. பிணந்தின்னிக் கழுகு. மழையில் நனைந்து வந்தால் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவரோரம் வெயிலில் காய்வான். கூட்டாளிகள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு அதைக் கேட்டாலே ஆகாது. எங்கள் வீட்டில் சாப்பிடும்போது எவனாவது அந்தப் பெயரைச் சொன்னால், பீன்ஸ் வைத்த பலேயாதா ரொட்டியை ஒரு வாய் கடித்திருந்தாலும் தட்டைப் பிடுங்கிக்கொள்வாள். அண்ணனே ஒருதரம் வாய்தவறிச் சொல்லிப் பட்டினி கிடந்தான்.

"பொணம் விழுந்த எடத்துல வந்து உக்கார்ற பறவை அது. அந்தப் பேரப் போட்டு என் புள்ளய நானே செத்தவனாக்கணுமா?" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க வச்ச பேருக்கு யாரு வந்தா? திருட்டுப் பசங்கதானே வந்தானுங்க! இன்னும் எத்தன நாளைக்கும்மா?"

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மாவில் விழுந்தது. கடைசியில், "போடு. என் காதுல விழாம போடு" என்றாள்.

வெறும் சோபிலோத்தே என்ற முகவரியை ஏதோ குப்பை அள்ளும் கம்பெனி முன்பே எடுத்துவிட்டிருந்தது. பின்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தட்டினேன். காலியாக இருந்தது. சுயாபா மாதாவை வேண்டிக்கொண்டு அதைப் பதிவு செய்து, அண்ணன் படத்தை ஏற்றி, நோல்வியா அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன்.

மெக்ஸிகோவில் அம்மா அந்த வெயிலிலும் முதுகைச் சால்வையால் மூடிக்கொண்டே திரிந்தாளாம். நோல்வியா அக்கா போனில் சொல்லி அழுதாள். "நான் புடுங்குறேன், அவ போத்திக்கிறா. யாருமே ஒண்ணும் சொல்லலடி. நாளைக்குத் திரும்பிடுவோம்." அன்று நான் எதையும் சாப்பிடவில்லை. அவன் இல்லவே இல்லை என்று முதல்முறையாக மனசுக்குள் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தளத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை.

'தண்டவாளத்துப் பக்கம் யாரோ சட்டையில பாத்துட்டு வந்து சொன்னாங்க. இந்தப் பேர யாரு வச்சது? அம்மாவுக்குத் தெரிஞ்சா தட்டப் புடுங்கிடுவாங்க. சீக்கிரம் எடுத்துடுங்க. என்னத் தேட வேணாம். இந்தக் காலோட நான் வரமாட்டேன்.'

அம்மாவின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். படித்துக் காட்டினேன்.

"காலுக்கு என்னாச்சாம்?"

"எழுதலம்மா."

"எங்க இருக்கானாம்?"

"அதுவும் எழுதல. பேர எடுக்கச் சொல்றான். எடுத்துடவா?"

"எடுத்துப் பாரு, கைய ஒடிச்சிடுவேன்! எத்தன வருஷத்துக்கு முடியுமோ அத்தன வருஷத்துக்கும் சேத்துப் பதிவு பண்ணு. அவனுக்கு எழுது. பேரு புடிக்கலன்னா நேர்ல வந்து சண்ட போடச் சொல்லு. கால் இருந்தாலும் வரணும், இல்லன்னாலும் வரணும். தட்டு வச்சிருக்கேன்னு எழுது."

போனை அணைக்க மறந்துவிட்டாள். "ரெய்னா, பஸ்ஸு கெளம்புது" என்று நோல்வியா அக்கா கூப்பிட்டது கேட்டது. "நீங்க போங்க" என்றாள் அம்மா. தண்டவாளத்துச் சரளைக்கல்லில் அம்மா ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு, என் வாழ்நாளில் முதல்முறையாக, அந்தப் பெயர் அம்மாவின் வாயிலிருந்து வந்தது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனாள்.

"சோபிலோத்தே! டேய், சோபிலோத்தே!"