தட்டிப் பார்த்த தரை

கலவை இறுகுவதற்குள் அந்த டைல்ஸ் வரிசையை முடித்துவிட வேண்டும் என்று அவர் முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தபோது, சட்டைப் பையில் செல்போன் அடித்தது. மகன். கையெல்லாம் சிமெண்ட். துடைத்துக்கொண்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அவர் திருப்பிக் கூப்பிடவில்லை. அவனே மறுபடி அடிக்கட்டும் என்று இருந்தார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் வீம்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

கடல் தாண்டிய அந்த ஊரில் ஓர் அறக்கட்டளை இலவச ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தது. சாப்பாடு, படுக்கை, விமான டிக்கெட் அவர்கள் பொறுப்பு, சம்பளம் கிடையாது. பல தேசத்து ஆட்கள் வந்திருந்தார்கள். தமிழ் பேச ஓர் எலெக்ட்ரீஷியன் இருந்தான். “அண்ணே, டைல்ஸோட பேசி முடிச்சாச்சா? சாப்பிட வாங்க” என்று மதியம்தோறும் கிண்டல் செய்வான். போன வாரம் அவனும் ஊருக்குப் போய்விட்டான். தகரக் கொட்டகையில் அவருக்கு மேலே அவன் படுத்திருந்த அடுக்குக் கட்டில் காலி. மற்றவர்களோடு அவருக்கு இருந்த ஒரே மொழி கட்டைவிரல். அவர்கள் உயர்த்துவார்கள், இவரும் உயர்த்துவார். அன்றைய பேச்சு அத்துடன் முடிந்தது. சில நாள் ராத்திரி படுக்கும்போதுதான், காலையிலிருந்து வாயைத் திறக்கவே இல்லை என்பது உறைக்கும்.

ஆயுசு முழுக்க அடுத்தவர் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டியவர். மகன் வீடு கட்ட ஆரம்பித்தபோது, தரை தன் வேலை என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். அவனோ, “மொத்தமா காண்ட்ராக்டர்கிட்ட விட்டாச்சுப்பா, உங்க முட்டிக்கு வேணாம்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டான். அடுத்த மாதமே அவர் இங்கே பெயர் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது போன் மறுபடி அடித்தது.

“நெத்தி மட்டும்தான் தெரியுது. மூஞ்சியைக் காட்டுங்கப்பா.”

காட்டினார்.

“இளைச்சுட்டீங்க. முட்டி வலிக்கும்னு நான் வேணாம்னா, நீங்க கடல் தாண்டிப் போய் முட்டி போட்டுட்டு இருக்கீங்க.”

“என்ன விஷயம், சொல்லு.”

“தரை முடிஞ்சிடுச்சு. பாருங்க.”

போன் ஹாலைச் சுற்றி வந்தது. கோடெல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

“பாக்க எல்லாம் அழகாத்தான் இருக்கும்” என்றார். “சாவி வச்சிருக்கியா? தட்டிப் பாரு. போனைத் தரையில வை, அப்பதான் எனக்குக் கேக்கும்.”

கலவை சரியாகப் பரவாமல் அடியில் காற்று நின்று பொள்ளலானால், தட்டும்போது காலி டப்பா மாதிரி கேட்கும். என்றைக்காவது ஒருநாள் பெயர்ந்து வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டக். டக். கெட்டியான சத்தம்.

“மூலையில தட்டு. மூலையிலதான் ஏமாத்துவானுங்க.”

டக்.

“கதவுக்குப் பின்னாடி? சமையல் மேடைக்கு அடியில?”

மகன் போனை நகர்த்தி நகர்த்தி வைத்துத் தவழ்ந்தான். மருமகள் சிரிப்பது கேட்டது. “மாமா, ஆஸ்பத்திரி கட்டப் போய் டாக்டராவே ஆயிட்டீங்களா? தரைக்கு ஸ்டெதஸ்கோப் வைக்கிறீங்க!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று, ஒரே ஒரு டைல் பொள்ளலாக இருந்தால் போதும். ‘காண்ட்ராக்டர் ஏமாத்திட்டான், நீங்களே வந்து சரி பண்ணுங்கப்பா’ என்று அவன் கூப்பிடுவான். ‘ஆமாடா, பொள்ளல்தான்’ என்று சும்மா சொன்னாலும் அவன் நம்புவான். அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது.

“நல்லா ஒட்டியிருக்கான்டா” என்றார். “ஒரு குறையும் இல்ல.”

சாவிச் சத்தம் நின்றது.

“அப்ப, வேலை இருந்தாத்தான் வருவீங்களா?”

“இங்க வார்டு பாதியில கிடக்கு...”

“நான் வார்டைக் கேக்கலப்பா.”

அங்கே வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். “லைன்ல இருங்க, உங்க கட்டில் வந்துடுச்சு” என்று மகன் எழுந்து ஓடினான். போன் தரையிலேயே கிடந்தது. திரையில் புது வீட்டின் கூரை; ஃபேன் மாட்டாத கொக்கி; பக்கத்தில் தொங்கும் இரண்டு ஒயர்கள். எத்தனையோ தரைகளைப் போட்டவர், ஒரு வீட்டைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“பாத்து, பாத்து! தூக்கி வாங்க, இழுக்காதீங்க!” மருமகளின் குரல். வெறுங்கால்கள் கடந்து போயின. ஓர் ஒற்றைக் கட்டில் மிதந்து வந்து போனுக்கு நேர் மேலே நின்றது.

“எந்த ரூம்ல சார் போடணும்?”

திரை முழுக்கக் கட்டிலின் அடிப்பலகை. இருட்டில் பாலிஷ் போடாத மரத்தின் கோடுகள் மட்டும் தெரிந்தன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, அதன் கீழே படுத்திருப்பவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.