வெறும் ஃபிளாஷ்

மூன்றாவது தடவையாக ஆயிரத்து நூற்று நாற்பது படங்களையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் போட்டோகிராபர். ஏசி ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், ஸ்டூடியோவின் முன்னறையில், போன மாதம் கல்யாணமான பெண்ணும் அவள் அப்பாவும்.

"அண்ணா, பெரியப்பா படம் கிடைச்சுதா?"

"இதோம்மா, ரெண்டே நிமிஷம்."

"இருந்தாத்தானே கிடைக்கும்?" அப்பாவின் குரல். "பன்னெண்டு வருஷமா பேசாத அண்ணன் அன்னிக்கு மட்டும் வந்துட்டாராக்கும். என்னை சமாதானப்படுத்த இவ அளக்கறா."

"நீங்க சாப்பாட்டுக் கூடத்துல இருந்தீங்கப்பா. சத்தியமா என் பக்கத்துல வந்து நின்னாரு. ஃபிளாஷ் கூட அடிச்சுது."

ஃபிளாஷ் அடித்தது. வினையே அதுதான்.

மேடையில் கூட்டம் நெருக்கும்போது, யாரென்றே தெரியாத ஆள் வந்து நின்றால், படம் எடுக்காமல் ஃபிளாஷை மட்டும் அடித்துவிடுவார். ஃபிலிம் காலத்துச் சிக்கனம். மெமரி கார்டு வந்தும் கை திருந்தவில்லை. வெளிச்சம் பட்டதும் நின்றவர் சிரித்தபடி இறங்கிப் போய்விடுவார். கசங்கிய சட்டையோடு தனியாக வந்த அந்தப் பெரியவருக்கும் அதேதான். அவர் அங்கே வந்தார் என்பதற்கு இருந்திருக்கக்கூடிய ஒரே சாட்சி இவருடைய விரல். அது படமெடுக்கும் பொத்தானை அழுத்தவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். மனைவி குறுக்கே வந்தாள். கல்யாணங்களில் இன்னொரு கேமராவோடு ஓரமாக நிற்பவள்.

"தள்ளுங்க" என்று மவுஸை வாங்கினாள். அவர் பார்த்தேயிராத ஒரு ஃபோல்டர் திறந்தது. 'விட்டுப்போனவங்க'.

ஃபிளாஷ் பட்ட கண் கூசியபடி, மணப்பெண்ணின் தலையில் கை வைத்து நின்றார் பெரியப்பா.

கூப்பிட்டதும் உள்ளே வந்த அப்பா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் முன் குனிந்தார்.

"இவருக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு சட்டைய இஸ்திரி போடத் தெரியல" என்றார் கடைசியில். "நம்பர் இருக்காம்மா?"

வாசல்படியிலேயே போன் பேச ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, நான்தான்..."

போட்டோகிராபருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்காலியில் சரிந்தார்.

"எப்பலேர்ந்து இந்த வேல?"

"நம்ம கல்யாணம் ஆனதுலேர்ந்து. நீங்க வெறும் ஃபிளாஷ் அடிக்கற ஆளையெல்லாம் நான் எடுத்துடுவேன்."

"அது வெறும் ஃபிளாஷ்னு உனக்கு யாரு சொன்னா?"

"எங்க அக்கா கல்யாணத்துல எடுத்த என் போட்டோவக் கேட்டு இந்தக் கடைக்கு மூணு தடவ வந்தேனே. பிரிண்ட் வரல, வரலன்னு டீ வாங்கிக் குடுத்து அலைய விட்டீங்களே."

"அது... உன்னத் திரும்பப் பாக்கலாமேன்னுதான்."

"பொய். எனக்கும் வெறும் ஃபிளாஷ்தான். மொத தடவ நீங்க முழிச்ச முழியிலயே தெரிஞ்சுபோச்சு." ஃபோல்டரை மூடினாள். "அடுத்த ரெண்டு தடவ நான் வந்தது போட்டோவுக்கு இல்ல."