மத்தியான ஓய்வு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு விழித்திரை நோய். எந்தக் கண்ணாடி போட்டும் சரியாகாது. கடை வேலையை விரல் நுனி பார்த்துக்கொண்டது. மொட்டைமாடித் தொலைநோக்கிக்குத்தான் கண் வேண்டியிருந்தது. அதை விற்ற வாரம், மைத்துனன் அவருடைய பழைய கம்ப்யூட்டரை ஓர் ஆய்வுக்கூடத்தோடு இணைத்துக் கொடுத்தான். அவர்கள் நட்சத்திர ஒளிப் பதிவுகளைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது. வானத்தோடு அவருக்கு மிச்சமிருந்த உறவு அது ஒன்றுதான்.

ஆறு வருடம் ஓடியது. கடைக்குக் கிளம்பும்போது திரையில் பச்சைக் கோடு நகர்கிறதா என்று பார்ப்பார். எழுத்து கண்ணுக்குத் தெரியாது, பச்சை தெரியும். கைகூப்பிவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தின் கடிதத்தை மைத்துனன் படித்துச் சொன்னான்.

"திட்டம் முடிஞ்சுபோச்சாம் மாமா. எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்காங்க."

"நம்ம வீட்டுலேருந்து எத்தனை போச்சு?"

"வந்தது நூத்தி ஐம்பத்தாறு."

"போனதைக் கேட்டேன்டா. கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

அவன் தயங்கினான். "ஒண்ணுகூடப் போகல மாமா. ஒரு பொட்டலத்துக்கு இருபத்தாறு மணி நேரம் விடாம ஓடணும். நடுவுல நின்னா திரும்ப முதல்லேருந்து. இங்க தினமும் நின்னிருக்கு. கெடு தாண்டினதை வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க."

அப்படியென்றால் வானத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது. அதுதான் அவரை நொறுக்கியது.

டீயோடு வந்த மனைவி பாதியைத்தான் கேட்டிருந்தாள்.

"மத்தியானம் நான்தான் அணைப்பேன். தொட்டா ஜுரம் கண்ட மாதிரி கொதிக்கும். ராவும் பகலும் உங்களுக்காக உழைக்குதே, ரெண்டு மணி நேரம் அதுவும் கண் அசரட்டுமேன்னுதான். நீங்க வர்றதுக்குள்ள போட்டுடுவேன்." இருவர் முகத்தையும் பார்த்தாள். "ஏங்க, தப்பா?"

மைத்துனன் வாயைத் திறந்தான். அவர் அவன் முழங்காலை அழுத்தினார்.

"தப்பில்ல. நீ பார்த்துக்கிட்டதாலதான் இத்தனை வருஷம் தாங்குச்சு. கடுதாசியில நன்றி சொல்லியிருக்காங்க. இந்த வீட்டுல அது உனக்குத்தான்."

"எனக்கா?" அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள். "நான் என்ன செஞ்சேன்?"

மறுநாள் காலை திரையில் பச்சை இல்லை. வழக்கம்போல் கை கூப்பினார். வேண்டிக்கொள்ள எதுவும் வரவில்லை. அவள் மனத்தில் இந்தப் பொய் கலையாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டார்.

"இன்னைக்கும் மத்தியானம் அணைக்கவா?" என்றாள் அவள்.

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லிட்டிருந்தது.

"அணைச்சிடும்மா," என்றார். "பாவம், களைச்சிருக்கும்."