வாசலில் கழற்றிய சட்டை

“டெர்லின் சட்டையோட உள்ள வராதீக. கழட்டி வச்சுட்டு வாங்க.”

“உள்ள பனியன் போடலையே.”

“அப்ப நாளைக்கு வாங்க. டெர்லின் துணி உரசித் தீப்பொறி வந்தா உங்க மானமா எங்களைக் காப்பாத்தும்?”

முத்துக்கருப்பனும் ஆவுடைத்தாயும் முதன்முதலில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அடைக்கும் அறை வாசலில் அவள் நின்றாள். அவர் லோடு ஏற்ற வந்தவர். மறுநாள் நூல் சட்டையில் போய் நின்றபோது அவள் சிரித்துவிட்டாள். அப்போதே ஒன்று கேட்க நினைத்தார், வாய் வரவில்லை. பிறகு பெரியவர்களே பேசிக் கல்யாணத்தை முடித்துவிட்டதால் அந்தக் கேள்விக்கு வேலையில்லாமல் போயிற்று.

இப்போது ஆவுடைத்தாய்க்கு மறதி நோய். அவரையே அடையாளம் தெரிவதில்லை. சில வாரங்களாகக் குளிக்கவும் மறுத்தாள். முதுகில் புண் வர ஆரம்பித்திருந்தது. மகள் பாண்டிமீனா சாத்தூரிலிருந்து வந்து கெஞ்சினாள், அதட்டினாள், கையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் கீறல் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் குளிக்காவிட்டால் மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலையும் குளிக்கக் கூப்பிட்டு, வழக்கம்போல ஒரு வழவழப்பான நைலான் நைட்டியை மகள் நீட்டினாள். மாட்டிவிட வசதியாக இருக்கும் என்று அவள் ஆசையாக வாங்கியது. ஆவுடைத்தாய் அதை விரலால் தேய்த்துப் பார்த்துத் தூர எறிந்தாள். அடுத்து முத்துக்கருப்பனின் பாலியஸ்டர் சட்டைக் கையைத் தேய்த்துப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்குச் சட்டென்று விளங்கிற்று. அவள் இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறாள்.

மகளை அடுப்படிக்கு அனுப்பினார். சட்டையைக் கழற்றி, செல்போனையும் சாவியையும் ஜன்னலில் வைத்தார். நூல் வேட்டியும் துண்டுமாக, அவளுடைய பழைய நூல் சேலையைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரே போய் நின்றார்.

“எல்லாம் நூல்தான். வரலாமா?”

அவள் துண்டைத் தேய்த்தாள், சேலையைத் தேய்த்தாள். தலையை ஆட்டினாள். “வேலை முடிஞ்சு மணி அடிச்சாச்சுல்ல, மேலெல்லாம் மருந்து. குளிக்காமலா வீட்டுக்குப் போறது?” என்று அவளே குளியலறைக்கு நடந்தாள்.

தண்ணீரை அவளே மொண்டு ஊற்றிக்கொண்டாள். புண்ணில் படாமல் அவர் சோப்புப் போட்டுவிட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் பாண்டிமீனா கரண்டியும் கையுமாக ஓடிவந்து பார்த்தாள். பிறகு நைட்டியை எடுத்துத் தன் பைக்குள் திணித்துக்கொண்டு, இல்லத்துக்குப் போன் போட்டு வேண்டாமென்று சொன்னாள்.

வெயிலில் உட்கார வைத்துத் தலை துவட்டியபோது ஆவுடைத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நேத்து டெர்லின் சட்டையோட வந்த ஆளுதான நீங்க? சொன்னதும் மாத்திட்டு வந்துட்டீகளே.” அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. “என்னமோ கேக்க வந்த மாதிரி நிக்கீக?”

கையிலிருந்த துண்டு ஈரமாகக் கனத்தது. இந்த முறை வாய் வந்தது.

“ஆமா ஆவுடை. என்னையக் கட்டிக்கிறியா?”