மூன்றாவது கையெழுத்து

ஆராய்ச்சி நிலையத்தின் கேன்டீன் பின்வாசலில் லோடு அக்கா தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் காவலாளி முதல் இயக்குநர் வரை அவளுக்கு அங்கே அதுதான் பெயர். சொந்தமாக ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்திருந்தாள். தோட்டங்களிலிருந்து சந்தைக்கும், போகிற வழியில் இந்தக் கேன்டீனுக்கும் பன்னிரண்டு வருடமாகக் காய்கறி ஏற்றி வருகிறாள்.

மாடியிலிருந்து பேராசிரியர் கையில் ஒரு தாளோடு இறங்கி ஓடிவந்தார்.

"ஏம்மா, இங்க ஒரு கையெழுத்து போடுங்க. அவசரம்."

"என்னது சார் இது?"

"அரசாங்கத் திட்டம்மா. உங்களுக்கு ஒரு தொல்லையும் வராது. சும்மா ஒப்புக்குத்தான்."

தெரிந்த மனிதர், படித்த மனிதர். ஒரு பெட்டியையே மேசையாக்கி அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த பெட்டியை இறக்குவதற்குள் பேராசிரியர் மாடிக்குப் போய்விட்டார்.

நிலத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு வருவதற்குள் உணவு வீணாவதைக் குறைக்க அரசு ஒரு ஆராய்ச்சி நிதியை அறிவித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஆராய்ச்சியாளர், விவசாயி, சரக்கு ஏற்றுகிறவர் மூவரும் கூட்டாகச் சேர்ந்து திட்டத்தை உருவாக்கி, மூவருமே கையெழுத்திட வேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் எந்த நல்ல நிபந்தனையிலும் நுழைந்து போக ஒரு சந்து இருக்கும். அதை முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டும் கைநழுவிப் போயிருந்தன. இந்த முறையும் நிதி வராவிட்டால் ஆய்வுக்கூடத்தை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவதாக இயக்குநர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பத்து வருட உழைப்பு அந்த அறைக்குள் இருந்தது. தக்காளிப் பெட்டிக்குள் வைத்தால் சாலையின் குலுக்கலை அளந்து காட்டும் ஒரு கருவியை அவர் வடிவமைத்திருந்தார். அதைச் செய்து முடிக்கத்தான் பணம் தேவைப்பட்டது. விவசாயியைத் தேடிப் போக அவருக்கு நேரமில்லை. மனைவியின் தம்பி பெயரில் இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. மச்சினன் காப்பீட்டு முகவர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஏழு வருடமாகிறது. விவசாயி என்ற இடத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். விண்ணப்பத்துக்கு உதவும் போலிருக்கிறது.

தேர்வுக் குழு நேரில் வருவதாகவும், கூட்டாளிகள் மூவரும் இருக்க வேண்டும் என்றும் கடிதம் வந்தது. குழு வருவதற்கு முந்தின நாள் பேராசிரியர் மற்ற இருவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் தலையாட்டினா போதும்."

"மாமா, நான் பாலிசி விக்கிறவன். எனக்கா பேச வராது?" என்றான் மச்சினன்.

"அதுதாண்டா எனக்குப் பயமே."

"நான் வாயே தொறக்க மாட்டேன் சார்," என்று லோடு அக்கா வாக்குக் கொடுத்தாள்.

குழுவில் மூன்று பேர். மூவருமே நிர்வாகப் பணியில் தலை நரைத்தவர்கள், தக்காளியைத் தட்டில் மட்டுமே பார்த்தவர்கள். பேராசிரியர் திரையில் படங்களைக் காட்டி அரை மணி நேரம் பேசினார். எல்லோருக்கும் திருப்தி. பிறகு குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மச்சினனைப் பார்த்து, "இவ்வளவு தூரம் அனுப்பறீங்களே, தக்காளியை எந்தப் பதத்துல பறிப்பீங்க?" என்று கேட்டார்.

மச்சினன் மாமாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "செக்கச்செவேல்னு பழுத்தப்புறம்தான் மேடம்! ஒரு அரைக்காயைக்கூட வண்டியில ஏத்த விட மாட்டேன்!"

தூரத்துக்குப் போகிற தக்காளியை லேசாக நிறம் மாறும்போதே பறித்துவிடுவார்கள். பழுத்ததை ஏற்றினால் சந்தைக்குப் போய்ச் சேர்வது சாறுதான். லோடு அக்காவால் அடக்க முடியவில்லை, பக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் தலைவி.

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். வேற ஏதோ ஞாபகம்."

"பெரியவங்க பேசுற இடத்துல கொஞ்சம் மரியாதையா இருக்கக் கத்துக்கணும்."

"தப்புத்தான் மேடம்," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவி கோப்பைப் புரட்டி, கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார். பேராசிரியர் எத்தனையோ நாள் காத்திருந்த நிமிடம் அது. ஆனால் அவர் கண் கோப்பின் மேல் நிற்கவில்லை. தன் பொய்க்காக இன்னொருத்தி திட்டு வாங்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தக்காளி எங்க கெடுது?"

"சார், நான் பேச மாட்டேன்னு…"

"நான்தான் தப்பா சொல்லிட்டேன். சொல்லுங்க."

அவள் தயங்கித்தான் ஆரம்பித்தாள். "ரோட்டுல கொஞ்சம்தான் சார் அடிபடும். குண்டும் குழியுமா இருந்தா மெதுவா ஓட்டுவோம், அது எங்க கையில இருக்கு. சந்தை வாசல்தான் எமன். உள்ள விடற சீட்டுக்காக மூணு மணி நேரம், நாலு மணி நேரம் வெயில்லயே நிப்போம். தார்ப்பாய்க்குள்ள கையை விட்டா கொதிக்கும். அப்புறம் கயித்தை அவுக்க ஆளுங்க பெட்டி மேலயே ஏறி நிப்பாங்க. பாதி சரக்கு அங்கேயே போயிடும் சார்."

பேராசிரியர் திரையில் இருந்த தன் கருவியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். நிற்கிற வண்டி குலுங்காது. சரக்கு பாழாகும் அந்த நாலு மணி நேரமும் அவர் கருவி பூஜ்யத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

"மேடம், இவன் என் மச்சினன். விவசாயி இல்ல. இந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கினதோட சரி, இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. விண்ணப்பத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

தலைவி பேனாவை மூடினார். "நீங்களே சொன்னதால நடவடிக்கை எதுவும் எடுக்கல. ஆனா இந்த வருஷம் நிதி கிடையாது."

வெளியே வந்ததும் மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிட்டீங்களே மாமா!" அவன் கோபமாகப் படியிறங்கிப் போனான். விஷயம் அதற்குள் காதுக்கு எட்டி, ஆய்வுக்கூடத்தை அடுத்த வாரமே காலி செய்யச் சொல்லி இயக்குநர் ஆளனுப்பிவிட்டார்.

"நான்தான் வாயை மூடிக்கிட்டு திட்டு வாங்கிட்டேனே, நீங்க ஏன் சார் சொன்னீங்க? உங்க ரூமும் போச்சே!" என்றாள் லோடு அக்கா.

"போகட்டும்மா. அந்தப் பணம் வந்திருந்தா, ஜனங்க காசுல யாருக்கும் உதவாத ஒரு கருவியைத்தான் செஞ்சிருப்பேன். உங்களைக் கேக்காம எழுதினது எவ்வளவு பெரிய தப்புன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அவள் முகத்தில் இருந்த பரிதாபம் மெல்லப் போய், வேறொன்று வந்தது. "மனசுல பட்டதைச் சொல்லிடறேன் சார். உழுறவனையும் ஓட்டுறவனையும் கேக்காம நடக்குற ஆராய்ச்சி யார் வயித்துக்கு? எங்க பேரை மட்டும் எடுத்துக்கிட்டு எங்க பேச்சை வேண்டாம்னு விடறீங்களே, அதுவும் திருட்டுதான் சார்."

"திருட்டுதாம்மா," என்றார் பேராசிரியர். நாளைக்குச் சந்தைக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டார்.